மரத்துக்கு இன்னொரு பெயர் ஆகாயம்

விதி இதுதான்: பொதுமக்கள் கொடுக்கும் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தர முடியாவிட்டால், ஏன் தர முடியவில்லை என்பதையாவது அந்த ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்த விதியின் அழகு முழுவதும் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. வேலை செய்ய முடியாதவனுக்கும் ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலமெல்லாம் இந்த விதியை மற்றவர்களுக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் முதன்முறையாக மேஜைக்கு மறுபக்கம் நின்று, நகராட்சியில் ஒரு மனு கொடுத்தேன். எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் புங்க மரத்தை வெட்டக் கூடாது என்பது மனு. வெட்டினால் என் மனைவியின் இடது கை மேலே எழாமல் போய்விடும் என்பது அதற்கான காரணம்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அலுவலகமும் அதைத்தான் கேட்டது. நடுவில் சீனா இருக்கிறது.

என் மனைவி வேலூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தவள். ஆம்பூரிலிருந்து ரயிலில் போய் வந்து, எத்தனையோ பேரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்தவள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு நாள், அலமாரியின் மேல்தட்டிலிருந்து கேக் டின்னை எடுக்கப் போனவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். கை காது உயரத்துக்கு மேல் போக மறுத்தது. ஃப்ரோஸன் ஷோல்டர், அதாவது தோள் உறைந்துவிட்டது என்றார் டாக்டர். ஆம்பூர் வெயிலில் உறையக்கூடிய பொருள் அது ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் அடி கொண்டைக்கு விழுந்தது. ஒரு கையால் கொண்டை போட முடியாது. ஆகவே அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. எந்த வேலைக்கும் ஒரு கையேடு இருக்கும் என்று நம்பியே வாழ்ந்தவன் நான். கொண்டைக்குக் கையேடு கிடையாது. முடியைச் சுருட்டி, ஃபைலைக் கட்டுவதுபோல இறுக்கி, ஊசிகளைச் செருகினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்:

"பெண்கள் ஐக்கிய சங்கத்துல எல்லாரும் உடம்பு சரியில்லையா, உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. கையைப் பாத்து இல்லங்க. கொண்டையைப் பாத்து."

அவளுக்குக் கை வேண்டியது அந்தக் கொண்டைக்காகத்தான். மாத்திரை, ஒத்தடம், பிசியோதெரபி எல்லாம் நடந்தன. பிசியோதெரபி கற்றுத்தந்த பெண், உயரத்தில் ஒரு உருளையைக் கட்டி, அதில் கயிறு போட்டு, நல்ல கையால் ஒரு முனையை இழுத்துக் கெட்ட கையை மேலே தூக்கச் சொன்னாள். வீட்டுக்குள் கொக்கி அடித்தால் காரை பெயர்ந்து விழுந்தது. வாசல் புங்க மரத்தில், கேட்டுக்கு நேர் மேலே, கை போல நீண்ட ஒரு கிளை இருந்தது. பழைய கிணற்று உருளையை அதில் கட்டினோம். தினமும் காலையில் அவள் மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நோயாளிகளை அதட்டும் குரலிலேயே தன்னை அதட்டிக்கொண்டு கயிறு இழுப்பாள். மாதனூர் பக்கத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ் அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவைக் கடக்கும்.

"இன்னா சிஸ்டர், கோயில் மணியா? ஜோரா அடிங்க!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும்.

"நீ கம்பெனிக்கு லேட்டு. அதுக்குத்தான் மணி" என்பாள் இவள், கயிற்றை விடாமல்.

கை அரை விரல், ஒரு விரல் என்று ஏறியது. பிறகு நெற்றிக்கு நேரே வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து கொண்டைக்கு இன்னும் தூரம் இருந்தது. அப்போதுதான் ஐக்கிய சங்கத்தில் யாரோ, பஜாரில் இருக்கும் சீன வைத்தியரைப் பற்றிச் சொல்லியனுப்பினார்கள்.

சீன வைத்தியர் என்றால் சீனர் அல்ல. ஆம்பூர்க்காரர்தான். தோல் தொழிற்சாலை ஒன்றில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். இயந்திரம் பார்த்து வரச் சொல்லி முதலாளி சீனாவுக்கு அனுப்பினார். இவர் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட் ஒன்றின் மாடியில் அவருடைய அறை. கீழே தையல் மெஷின்கள் ஓடும்போது நோயாளியின் நாற்காலியும் லேசாக அதிரும். அதையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவர் என் மனைவியின் முழங்கையைப் பிடித்து, கட்டைவிரலால் தோலைத் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"தோலு ஃபஸ்ட் கிளாஸ். எங்கயும் வெட்டு, கீறல் இல்ல" என்றார்.

"நான் எக்ஸ்போர்ட்டுக்கு வரல" என்றாள் என் மனைவி.

"பழக்க தோஷம் சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க." பிறகு இரண்டு மணிக்கட்டுகளிலும் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது. "தசைநாரெல்லாம் மரத்தோட டிபார்ட்மென்ட். உங்களுக்கு மரம் கம்மி."

"மரமா?" என்றேன் நான். "ஐம்பூதத்துல மரம் எங்கங்க வருது?"

"நம்ம பூதம் வேற, அவங்க பூதம் வேற சார். நமக்கு நிலம், நீர், நெருப்பு, காத்து, ஆகாயம். அவங்க கணக்குல காத்தும் கெடையாது, ஆகாயமும் கெடையாது. மரம், நெருப்பு, மண்ணு, உலோகம், தண்ணி. இதான் அஞ்சு."

"காத்து இல்லாம எப்படிங்க பொழைக்கறாங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க. நம்மளவிட ஜாஸ்தி ஷூ பண்றாங்க." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கும் மொதல்ல புரியல சார். அப்புறம் நம்ம தொழிலை வச்சுப் பாத்தேன். மரப்பட்டை போட்டுத் தோலைப் பதம் பண்றோமே, அது மரம். குரோம் போடறது உலோகம். சுண்ணாம்பு மண்ணு. டிரம்முல சுத்தறது தண்ணி. காய வைக்கிறது நெருப்பு. செத்த தோலுக்கே அஞ்சும் வேண்டியிருக்குது. உசுரோட இருக்கிற தோலுக்கு வேணாமா?"

அதன்பின் அவர் ஒரு தாளில் வட்டம் போட்டு, அம்புக்குறிகள் இழுத்துக் காட்டியபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அந்தத் தத்துவத்தின் மேல் காதல் கொண்டேன். தண்ணீர் மரத்தை வளர்க்கும். மரம் நெருப்பை வளர்க்கும். நெருப்பு சாம்பலாகி மண்ணைத் தரும். மண்ணுக்குள் உலோகம் விளையும். உலோகத்தின் மேல் தண்ணீர் துளிர்க்கும். இது ஒரு வட்டம். குறுக்கே இன்னொரு வட்டம்: மரம் மண்ணைப் பிளக்கும், மண் தண்ணீருக்கு அணை போடும், தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும்.

இதைவிட ஒழுங்கான அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் தூக்கிவிட ஒருவர், தட்டிக்கேட்க ஒருவர். யாரும் யாருக்கும் நிரந்தர மேலதிகாரி அல்ல. இடமாற்றம் இல்லை, காலிப்பணியிடம் இல்லை. உடம்பு கெடுவது என்றால் ஐவரில் ஒருவர் வேலையைச் செய்யவில்லை, அல்லது இன்னொருவர் அவர் வேலையையும் சேர்த்துச் செய்கிறார் என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் இந்த இரண்டு நோயும் இருந்தன. வைத்தியர்தான் இல்லை.

என் முகத்தில் தெரிந்த ஆர்வத்தைப் பார்த்து அவர் என் மணிக்கட்டையும் பிடித்துவிட்டார்.

"சாருக்கு உலோகம் ஜாஸ்தி."

"அப்படின்னா?"

"எல்லாம் வரிசையா இருக்கணும், எல்லாத்துக்கும் ரூல் இருக்கணும், யாரும் இதை அங்க வைக்கக் கூடாது, அதை இங்க வைக்கக் கூடாது. சரியா?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "நாடியில இவ்வளவும் தெரியுதா?" என்றாள். அன்று அவளுக்கு அந்த வைத்தியத்தில் முதன்முறையாக நம்பிக்கை பிறந்தது.

"வூட்டுல உலோகம் இப்படி ஓங்கி நின்னா மரம் எப்படி சிஸ்டர் வளரும்? வெட்டிக்கினே இருக்கும்ல?"

அன்று முதல் எங்கள் வீட்டில் நான் பேப்பரை மடித்து வைக்கச் சொன்னாலும், கேஸ் அடுப்பைத் துடைக்கச் சொன்னாலும், "உலோகம் பேசுது" என்ற ஒரே பதில்தான். வைத்தியர் மெல்லிய ஊசி ஒன்றைத் தோளில் செருகி எடுத்தார், இரண்டு இடங்களை அழுத்தினார், புளிப்பு சாப்பிடுங்கள் என்றார். முக்கியமாக, மரத்தடியை விடாதீர்கள், அந்தக் கயிறுதான் உங்களுக்கு மருந்து என்றார். பிசியோதெரபிப் பெண்ணும் அதையேதான் சொல்லியிருந்தாள். ஆனால் அவள் வட்டம் போட்டுக் காட்டவில்லை.

தை மாதம் பொங்கல் முடிந்து சில நாட்களில், எங்கள் தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் வருவதாகச் செய்தி வந்தது. செய்திக்குப் பின்னாலேயே பெயின்ட் டப்பாவுடன் ஒருவர் வந்து, புங்க மரத்தின் அடியில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். கயிறு இழுத்துக்கொண்டிருந்தவள் கயிற்றை விட்டாள். கை தொப்பென்று மடியில் விழுந்தது.

"ஏங்க, ஏதாச்சும் செய்ங்க" என்றாள்.

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் என் தொழில்திறமையை அவள் கேட்டு வாங்கியது அந்த ஒரு முறைதான். உடனே உட்கார்ந்து மனு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. கையில் ஊறிப்போன பழக்கத்தில் முகவரியின் கீழே வேலூர் மாவட்டம் என்றும் எழுதினேன். மாவட்டத்தைப் பிரித்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. கைக்கு அது இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

"கையி எந்திரிக்கல, இந்தக் கிளையிலதான் கயிறு கட்டியிருக்கோம், வெட்டாதீங்கன்னு நாலு வரி எழுதுனா போதாதா?" என்றாள் மனைவி.

போதாது. இணைப்பு இல்லாத மனு, காலில்லாத ஸ்டூல் மாதிரி. வைத்தியரிடம் சான்று வாங்கப் போனேன். அவர் தன்னுடைய அச்சடித்த தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். நான் சரிபார்த்தேன்: கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, முத்திரை தலைகீழாக இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பயிற்சி. அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது மேலே இருப்பவரின் வேலை.

மேலே இருப்பவர் பார்த்துவிட்டார். மனு கொடுத்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஆய்வுக்காக ஒரு இளநிலைப் பொறியாளர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கழுத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு பெண்மணி. மரத்தைச் சுற்றி வந்தார், டேப் பிடித்து அளந்தார், ஃபைலைத் திறந்தார்.

"சார், மனு நீங்க எழுதுனதுதானே?"

"ஆமாம்மா. ஏதாவது விடுபட்டிருக்கா?"

"விடுபடல சார். கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. மரம் வேணும்னு மனுவுல இருக்குது. சான்றுல பாத்தா, நோயாளிக்கு ஆகாயக் குறைபாடுன்னு போட்டிருக்காரு." அவர் அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார். "எங்க சாரு இன்னா கேக்கறாருன்னா, மரத்தை எடுத்துட்டா ஆகாயம் நல்லாத் தெரியும்ல? அவங்களுக்கு நல்லதுதானே?"

நான் சான்றை வாங்கிப் படித்தேன். ஆகாயம் என்றுதான் இருந்தது. மரம் என்ற சொல்லே தாளில் எங்கும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மனைவி வாயை நல்ல கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. உறைந்த தோள் அவ்வளவு குலுங்கி நான் பார்த்ததில்லை.

"இன்னா சிஸ்டர், இதுலதான் எக்சர்சைஸா?" என்று பொறியாளர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"புடிச்சுப் பாரு. உனக்குக் கழுத்து புடிச்சிருக்குல்ல? உக்காரு. முதுகு நேரா. தோளைத் தூக்காத. ம், இழு."

வார்டு சிஸ்டரின் குரலுக்கு எந்த அதிகாரியும் கீழ்ப்படிவார். இரண்டு இழுப்பு இழுத்ததும் எங்கேயோ ஒரு எலும்பு சொடுக்கியது. "அப்பாடா" என்று கண்ணை மூடினார் அவர். "இன்னொரு தடவ இழுக்கட்டுமா சிஸ்டர்?" போகும் முன் ஃபைலில் ஏதோ எழுதினார். எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது என் தொழில்வாழ்க்கையின் முக்கியத் தேர்ச்சி. அதை அறிந்தவர்போல அவர் ஃபைலை நெஞ்சோடு சாய்த்து வைத்து எழுதினார்.

நான் நேராக பஜாருக்குப் போனேன்.

"ஆகாயம்னு ஏங்க எழுதுனீங்க? மரம்னுதானே சொன்னீங்க?"

"உங்களுக்கு மரம்னு சொன்னேன் சார். நீங்க படிச்சவரு. தாளு அடிக்கும்போது நம்ம ஜனங்களுக்குப் புரியற மாதிரி மாத்தி அடிச்சிட்டேன். மரமும் ஒரு பூதம்னு சொன்னா யாரு மருந்துக்கு வருவாங்க? புளியமரத்துல இருக்கிறதைச் சொல்றேன்னு நெனச்சிக்கினு மந்திரிக்கப் போய்டுவாங்க. ஒருத்தர் போய்ட்டாரு சார், நெசமா."

"அதுக்கு?"

"நெருப்பு, மண்ணு, தண்ணி, மூணுக்கும் பேஜார் இல்ல, ரெண்டு பக்கமும் இருக்குது. உலோகம் நுரையீரலைப் பாத்துக்குது, அதனால அதைக் காத்துன்னு போட்டேன். மிச்சம் இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் ஆகாயம். மரமும் மேலதானே போவுது? சேத்து வுட்டேன். நான் மட்டும் இல்ல சார், இந்தத் தொழில்ல நெறைய பேரு அப்படித்தான் சொல்றாங்க."

கோபப்பட முடியவில்லை. கடைசியில் மிஞ்சிய ஆளை மிஞ்சிய இடத்தில் போடுவது எல்லா அலுவலகங்களிலும் உள்ளதுதான். ஆனால் மரம் வெட்டக் கூடாது என்று நான் கொடுத்த மனுவோடு, வெட்டினால் குணமாகும் என்ற சான்றையும் நானே இணைத்திருக்கிறேன் என்பதை வழி முழுக்க எனக்கு நானே வாசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து திருத்த மனு எழுத உட்கார்ந்தேன். சான்றில் ஆகாயம் என்று வரும் இடங்களில் மரம் என்று திருத்திப் படிக்கவும் என்று ஒரு வரி எழுதியிருப்பேன். அதற்குள் வாசலில் சத்தம். ஒப்பந்தக்காரரின் ஆட்கள், மரம் அறுக்கும் மெஷினோடு வந்திருந்தார்கள். உலோகம் மரத்தை வெட்டும் என்று வைத்தியர் போட்ட அம்புக்குறி நினைவுக்கு வந்தது.

"தொடக் கூடாது" என்றேன். "மனு நிலுவையில இருக்கு. முடிவு தெரியற வரைக்கும் இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும்."

மேஸ்திரி போனில் யாரிடமோ பேசினார். "ஆமாங்க, பெருசு ஒண்ணு ரூல் பேசுது… சரிங்க." என்னைப் பார்த்தார். "சரி பெரியவரே. பதில் வந்தா சொல்லுங்க, வந்து அறுத்துக்கறோம்." கால்வாய் எங்களுக்கு முந்தைய வீடு வரை வந்து நின்று, மரத்தை விட்டுத் தாண்டி, அடுத்த வீட்டிலிருந்து மறுபடியும் தொடங்கியது.

அன்று மாலை அந்தத் திருத்த மனுவை நான் முடிக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். திருத்தம் போனால் ஃபைல் நகரும். ஃபைல் நகர்ந்தால் முடிவு வரும். முடிவு ஆகாயத்தின் பக்கம் சாய்ந்தால் மரம் போகும். முடிவே வராவிட்டால் மரம் நிற்கும். ஆயுள் முழுவதும் நிலுவையை ஒழிக்கப் பாடுபட்டவன், அன்றிலிருந்து நிலுவை நீடிக்க வேண்டும் என்று ஜெபிக்கத் தொடங்கினேன்.

விதியில் சொன்ன ஒரு மாதம் முடிந்தது. கை அரித்தது. பதில் வராத மனுவுக்கு நினைவூட்டு அனுப்புவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. மனைவிக்கு அது தெரியும்.

"நினைவூட்டு கினைவூட்டுன்னு பேனாவைத் தொட்டீங்க, கையை முறிச்சிடுவேன்" என்றாள்.

"எந்தக் கையால?"

"ரெண்டு கையாலயும். இப்ப அதுவும் வருது."

வந்துகொண்டுதான் இருந்தது. பங்குனியில் புங்க மரம் இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்விட்டபோது கை நெற்றியைத் தாண்டியிருந்தது. சித்திரையில் மரம் பூத்து வாசலெல்லாம் பூவாக உதிர்ந்த நேரத்தில் உச்சந்தலையைத் தொட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சீப்பும் ஊசியுமாகத் தயாராகப் போனபோது, கண்ணாடி முன்னால் அவள் தன் கொண்டையைத் தானே போட்டு முடித்திருந்தாள். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"உலோகம் பேசுதா?" என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடியே.

"காத்து" என்றேன். "தாளுல இப்ப அப்படித்தான் போட்டிருக்கு."

குணமானதற்கு உரிமை கோரியவர்கள் பலர். ஊசிதான் என்றார் வைத்தியர். கயிறுதான் என்றாள் பிசியோதெரபிப் பெண். இந்த நோய் வந்த மாதிரியே ஒரு நாள் தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். கர்த்தர் என்றது ஐக்கிய சங்கம். நிலுவை என்பது என் கட்சி. அதை யாரும் ஏற்கவில்லை. ஆனாலும் கயிறு இழுப்பதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் உறையும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். ஆகவே தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தொடர்ந்தது.

கடைசியில் வந்தது. கேட்டுக்கு மேலே தபால்காரர் நீட்டிய உறையை, எட்டி, இடது கையால் வாங்கினாள் என் மனைவி. பிறகு அதைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு, மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சத்தமா படிங்க. நடுவுல விளக்கம் வேணாம்."

படித்தேன். பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. மனுவின்படி நோயாளிக்கு மரம் தேவைப்படுவதாலும், சான்றின்படி ஆகாயம் குறைவாக உள்ளதாலும், இரண்டையும் கருத்தில் கொண்டு, ஆகாயம் தெரியும் அளவுக்குத் தெருப்பக்கக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, மரத்தைத் தக்கவைக்கலாம். கால்வாயை மரத்துக்கு வெளியே வளைத்துக் கொண்டுபோகலாம். உருளை கட்டப்பட்டுள்ள கிளையைக் கழிக்கக் கூடாது. அது களஆய்வின்போது பயனுள்ளதாகக் காணப்பட்டது.

"கழுத்து புடிச்ச பொண்ணு" என்றாள் என் மனைவி. மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எங்கும் முத்திரைகள். நான் எழுதிக் கொடுத்த மாவட்டத்தை நம்பி அது வேலூருக்குப் போயிருக்கிறது. அங்கே இது எங்களுடையதல்ல என்று திருப்பத்தூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். திருப்பத்தூரிலும் அப்படியே சொல்லித் திரும்பவும் வேலூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீர், மரம், நெருப்பு, மண், உலோகம் என்று வைத்தியர் போட்ட வட்டத்தைவிட இது கொஞ்சம் பெரிய வட்டம். உள்ளே இருந்த கடிதத்தில் கையெழுத்தான தேதியைப் பார்த்தேன். மனு கொடுத்த ஒரு மாதத்துக்குள். விதி மீறப்படவே இல்லை. நாங்கள் பயந்துகொண்டிருந்த அத்தனை மாதமும் மரம் காப்பாற்றப்பட்டுத்தான் இருந்திருக்கிறது.

பழக்கத்தில் பேனாவை எடுத்து, கடிதத்தின் மேல் மூலையில் வரப்பெற்ற நாளைக் குறித்தேன்: ஆடி பதினெட்டு.